கோளாறு சீட்டில்தான்

ஏப்ரல் 12, வெள்ளி

காரில் ஓட்டுகிறவர் சீட்டைக் கழற்றிக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். சுலோச்சனா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, சோபா வாங்கித் தாருங்கள் என்று கேட்டதற்கு இதுதான் கிடைத்ததா என்றாள். பெண்டாட்டி வாய்க்குப் பதில் சொல்லி எந்தக் காலத்தில் ஜெயித்திருக்கிறேன்? பேசாமல் வேலையைப் பார்த்தேன். நூல்மில்லில் பிட்டராகவே காலம் தள்ளி ரிட்டயர் ஆனவனுக்கு நாலு போல்ட்டைக் கழற்றுவது ஒரு வேலையே இல்லை.

நேற்று வண்டியை உள்ளே விடும்போது கேட் தூணில் இடித்துவிட்டது. பெரிய இடி இல்லை, பம்பரில் ஒரு சொட்டை. பிரேக்கில்தான் காலை வைத்திருந்தேன். அழுந்த வேண்டிய அளவுக்கு அழுந்தவில்லை. சீட்டு உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாகிவிட்டது. பள்ளத்தில் உட்கார்ந்தால் முன்விளிம்பு தொடையை அழுத்தும், தொடையை அழுத்தினால் கால் மதமதத்துப் போகும். யாருக்கும் புரியும் விஷயம்தான் இது.

வைகாசி ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தாரணிக்குக் கட்டுச்சோறு. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, எத்தனையோ ஆஸ்பத்திரிப் படி ஏறி இறங்கிய பிறகு, இப்போதுதான் என் மகள் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. தாராபுரத்தில் அவள் மாமியார் வீட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போய், வந்த சனத்துக்கெல்லாம் போட்டு, பிள்ளையைப் பிரசவத்துக்கு இங்கே சூலூருக்குக் கூட்டி வர வேண்டும். நான்தான் ஓட்டப் போகிறேன். அதற்குள் சீட்டு சரியாகிவிட வேண்டும்.

ஏப்ரல் 13, சனி

ரெக்சின் உறையைப் பிரித்தேன். உள்ளே இருந்த போம் கையில் எடுத்ததுமே ரவையாக உதிர்ந்தது. பார்த்தாயா என்று சுலோச்சனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இதை வைத்துக்கொண்டு எந்த மனுஷன் ஒழுங்காகக் கார் ஓட்ட முடியும்?

சீட் கவர் தைக்கும் யாகூப்பிடம் அழுத்தமான போம் கட்டை வாங்கி வந்தேன். மெத்தென்று இருப்பதைக் கேட்டு வாங்கிப் போகிறவர்கள்தான் மறுமாசம் முதுகுவலி என்று திரும்பி வருகிறார்கள் என்றார். கத்தியைத் தண்ணீரில் நனைத்து அறுத்தால் பிசிறில்லாமல் வருகிறது. முன்பக்கம் தாழ்வாகவும் பின்பக்கம் மேடாகவும் ஆப்பு மாதிரி சீவி எடுத்தேன். இடுப்புக்குத் தனியாக ஒரு திண்டு. பசையின் நெடி தாங்காமல் சுலோச்சனா சேரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

நடுவில் கத்தி நழுவி வலது பாதத்தின் மேல் விழுந்திருக்கிறது. அவள் உள்ளே வந்து ஐயோ என்று கத்திய பிறகுதான் பார்த்தேன். சின்னக் கீறல். வேலை மும்முரத்தில் வலி எங்கே தெரிகிறது?

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. பாயசம் அரை டம்ளர்தான் குடித்தேன். சுலோச்சனா ஒன்றரை என்கிறாள்.

ஏப்ரல் 17, புதன்

சீட்டை மாட்டி முதல் ஓட்டம். உட்கார்ந்ததும் சுகமாகத்தான் இருந்தது. இடுப்புத் திண்டு சரியான இடத்தில் வந்து முட்டுக் கொடுத்தது. ஏர்போர்ட் வரை போய்த் திரும்பினேன். ஆனால் கால் பழையபடிதான். ஒரு சாக்குத் துணியைச் சுற்றி அதன் மேல் மிதிக்கிற மாதிரி இருக்கிறது. ஆப்பின் சரிவு போதவில்லை. நாளைக்குப் பிரித்து இன்னும் சீவ வேண்டும்.

ஏப்ரல் 20, சனி

பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போது சுலோச்சனா என் காலையே பார்த்தாள். இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் இல்லை. எங்கே விட்டீர்கள் என்று கேட்டாள். வார் அறுந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன்.

பிறகு போய்த் தேடினேன். பால் பூத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது. வார் நன்றாகத்தான் இருந்தது. அங்கிருந்து வீடு வரைக்கும் ஜல்லி கொட்டிய ரோடு. இந்தக் காலத்துச் செருப்புகள் எல்லாமே வழவழவென்று இருக்கின்றன, பிடிமானமே கிடையாது.

ஏப்ரல் 23, செவ்வாய்

சித்ரா பௌர்ணமி. மாரியம்மன் கோயிலில் உச்சிப் பூஜை. பிரகாரத்துக் கல் கொதிக்கிறது. சனமெல்லாம் சாக்குப் படுதா விரித்த இடத்தைப் பார்த்துத் தவ்வித் தவ்வி ஓடுகிறார்கள். சுலோச்சனா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். நான் நிதானமாக, கையைக் கூப்பியபடி மூன்று சுற்றும் சுற்றி வந்தேன். பூசாரியே பார்த்துவிட்டு, ஆத்தா உங்க பாதத்துக்குக் கீழ கைய வெச்சிருக்காளுங்க என்றார். அவர் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தாரணிக்காக வேண்டிக்கொண்டு சுற்றியதால்தான் சுடவில்லை. இனிமேல் எதற்கும் பயப்பட வேண்டியதில்லை.

ஏப்ரல் 24, புதன்

பாதத்தில் கொப்புளம். வலது காலில் பெருவிரலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு. சுலோச்சனாதான் பார்த்தாள். மருந்து தடவிக் கட்டுப் போட்டபடியே, "நேத்து உங்களுக்குச் சுடவே இல்லீங்களா?" என்று கேட்டாள். நான் பூசாரி சொன்னதைச் சொன்னேன். அவள் கட்டின் முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்தாள்.

டாக்டரிடம் போகலாம் என்கிறாள். போனால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா? சர்க்கரையைக் குறை என்பார். அது பழைய பாட்டு. காரைத் தொடாதே என்பார். அப்புறம் என் பிள்ளையை யார் கூட்டி வருவது? கட்டுச்சோறு முடியட்டும், போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

தாரணி போன் செய்தாள். பிள்ளை நன்றாக உதைக்கிறதாம். அவளுக்கும் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறதாம், மாசமாக இருக்கும்போது வருவதுதானாம், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னாராம். "அப்பன் ஊட்டுச் சீருங்ப்பா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போனை மாப்பிள்ளை வாங்கினார். நல்ல பையன் கோகுல். வாத்தியார் வேலை என்றாலும் அதட்டல் கிடையாது. கட்டுச்சோறு அன்றைக்கு நீங்கள் சிரமப்பட வேண்டாம் மாமா, நானே ஓட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன் என்றார். அதெல்லாம் முறையில்லைங்க மாப்பிள்ளை, பிள்ளையைக் கூட்டி வருவது அப்பன் வேலை என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சுலோச்சனா டி.வி.யை நிறுத்தினாள்.

மே 3, வெள்ளி

சீட்டை மறுபடியும் கழற்றினேன். இந்தத் தடவை அடியில் மரக்கட்டை கொடுத்து முன்னைவிட உயர்த்தி, கொஞ்சம் முன்னுக்கும் தள்ளி மாட்டினேன். இப்போது தலை கூரையில் இடிக்கிறது, அது பரவாயில்லை. இந்த உயரத்தில் உட்கார்ந்தால், லேசாகக் குனிந்தால் போதும், கால் தெரிகிறது. எந்தப் பெடல் கட்டையின் மேல் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

காலில் தாரணியின் பழைய வெள்ளைச் சாக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். அடியில் இருட்டாக இருந்தாலும் வெள்ளை பளிச்சென்று தெரியும். சாக்ஸ் கட்டையில் வழுக்கியது. அதைக் கழற்றிவிட்டுக் கால் விரல்களின் மேல் சுண்ணாம்பு தடவிக்கொண்டேன். சுலோச்சனா பார்த்தாள். என்ன இது என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

மே 5, ஞாயிறு

பழகிவிட்டது. ரோட்டைப் பார், காலைப் பார், ரோட்டைப் பார். பதனமாகப் போனால் ஒன்றும் ஆகாது.

மே 8, புதன்

எழுத முடியவில்லை.

மே 9, வியாழன்

நேற்று தனியாகத்தான் போனேன். பிரிவு ரோட்டில் ஒரு பெண் மொபெட்டில் குறுக்கே வந்தாள். முன்னால் நின்றபடி ஒரு குழந்தை. நான் அவளை நன்றாகவே பார்த்தேன், தூரத்திலேயே பார்த்தேன். பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தேன். இஞ்சின் உறுமியது. அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் நான் மிதிப்பது எதை என்று புரிந்தது. கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் மண்ணில் நின்றது.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெரிந்திருக்காது. குழந்தை பார்த்தது.

அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பனியன் நனைந்து சீட்டோடு ஒட்டிக்கொண்டது. குனிந்து பார்த்தால் கால் அப்போதும் ஆக்ஸிலேட்டர் மேலேயே இருந்தது. எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, எடுத்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பயமாக இருக்கிறது. வேறு என்ன எழுத? மில்லில் பெல்ட்டில் கை மாட்டிக்கொண்ட ஆளைக்கூட நடுங்காமல் தூக்கியிருக்கிறேன். இது அந்தப் பயம் இல்லை. தாரணி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, முன்னால் ஒரு லாரி நிற்க, நான் பிரேக் என்று நினைத்து மிதிக்கிறேன். நேற்றிலிருந்து இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

சீட்டை இன்னும் அரை இஞ்சு தூக்கியிருக்கிறேன்.

மே 13, திங்கள்

கொப்புளம் ஆறிவிட்டது என்று சுலோச்சனாவிடம் சொன்னேன். காட்டுங்கள் என்றாள். காட்டவில்லை.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டு ஓட்டச் சொல்லிவிடலாமா என்று காலையில் ஒரு நினைப்பு வந்தது. என்ன காரணம் சொல்வது? முதுகுவலி என்றால் பிரசவம் முடியும்வரை முதுகுவலி என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வலி எடுத்தால் அவளை ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுபோவது? எங்கள் சந்துக்குள் ஆம்புலன்ஸ் வந்து திரும்பவே அரை மணி ஆகும். சீட்டு இவ்வளவு தூரம் சரியாகிவிட்ட பிறகு எதற்கு வீண் பேச்சு?

மே 18, சனி

வீடு முழுக்கப் புளிக்காய்ச்சல் வாசம். என் தங்கச்சி சாந்தாமணியும் சுலோச்சனாவின் அக்கா தங்கச்சிகளும் வந்து ஆளுக்கொரு மூலையில் தேங்காய் துருவுகிறார்கள். புளி சாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தக்காளி சாதம், தயிர் சாதம். சனமெல்லாம் சோற்றுப் பாத்திரங்களோடு வேனில் வருகிறார்கள். காரில் நானும் சுலோச்சனாவும் மட்டும். திரும்பும்போது தாரணி.

சாந்தாமணி புதுச் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ராஜா மாதிரி இருக்குதுங்கண்ணா என்றாள். நான் நிழலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். வெயில்.

மே 20, திங்கள்

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருந்தால் நடக்கவே இல்லை என்று நானே நம்பிவிடுவேன்.

பல்லடம் தாண்டும்வரை வேனுக்குப் பின்னாலேயே போனேன். வெறுங்கால். ரோட்டைப் பார், காலைப் பார். சுலோச்சனா பக்கத்தில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். கிளம்பியதிலிருந்தே அவள் வலது கை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. முதலில் நான் கவனிக்கவில்லை. குண்டடத்துக்குப் பக்கத்தில்தான் பார்த்தேன். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்திருந்தாள். வளையல் போட்ட கை, விரலெல்லாம் வெளுத்துப் போகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள். எப்போதிலிருந்து அவளுக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தாராபுரம் போய்ச் சேரும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

சம்பந்தி வீட்டில் நல்ல கூட்டம். தாரணி பச்சைப் பட்டில், கை நிறைய வளையலோடு நின்றாள். முகம் ஊதி, நடை மாறி, ஆளே வேறு மாதிரி இருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். கிட்டே போனேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பினேன். வாசலிலிருந்து நான் நிற்கும் இடம் வரைக்கும் சம்பந்தி வீட்டு வெள்ளை டைல்ஸில் வலது பாதம் மட்டும் சிவப்பாகப் பதிந்திருந்தது.

சாந்தாமணி ஆரத்தித் தண்ணீர் கொட்டிவிட்டதாக நினைத்துத் துணி எடுக்க ஓடினாள். தாரணி என் கையைப் பிடித்து உள்ரூமுக்குக் கூட்டிப் போய்க் கட்டிலில் உட்கார வைத்தாள். அந்த வயிற்றோடு முக்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைக்கப் பார்த்தாள். பட்டுப்புடவை, வேண்டாம் கண்ணு என்றேன். அவள் கேட்கவில்லை. கொப்புளம் ஆறவில்லை. கிழிந்து, உள்ளே குழியாக இருந்தது. பெடல் கட்டையின் விளிம்பு அதற்குள்ளேயே அழுத்திக்கொண்டு வந்திருக்கிறது, எழுபது கிலோமீட்டர்.

"வலிக்கலீங்களா?"

கொஞ்சம் எரியுது என்றேன். பொய். அவள் துடைத்து, கட்டுப் போட்டாள். பிறகு காலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"கண்ண மூடுங்ப்பா. நான் எந்த வெரலத் தொடறேன்னு சொல்லோணும்."

இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு, வெளியில் சனம் காத்திருக்கிறது என்றேன். சர்க்கரை டாக்டரிடம் போகும்போது அங்கே எல்லோருக்கும் இப்படித்தான் பார்க்கிறார்கள் என்றாள். மூடச் சொன்னால் மூடுங்கள் என்றாள். குரலில் அவள் அம்மா இருந்தாள். மூடினேன்.

கொஞ்ச நேரம் பொறுத்தேன். தொட்டிருப்பாள் என்று பட்டது. "பெருவிரல்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சரியாக இருக்கும் என்று நினைத்தேன். "சுண்டு விரல்" என்றேன். அப்புறம், "நடு விரல். போதுமா அம்மிணி?" என்று சிரித்தபடி கண்ணைத் திறந்தேன்.

அவள் இரண்டு கைகளும் வயிற்றின் மேல் இருந்தன.

"நான் இன்னும் தொடவே இல்லீங்ப்பா."

வெளியில் யாரோ இலை போடச் சொல்லிக் கத்தினார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்பனைச் சோதிக்கிற அளவுக்கு வந்துவிட்டாயா என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் அழுதிருந்தால் திட்டியிருப்பேன். அவள் அழவில்லை. பயந்து போயிருந்தாள். என்னைப் பார்த்து என் பிள்ளை பயந்து நான் பார்த்ததே இல்லை.

"நீங்க ஓட்டுனா நான் வரமாட்டேன். எம் புள்ளைய அந்த வண்டியில ஏத்தமாட்டேங்ப்பா."

சீட்டு இப்போது சரியாகிவிட்டது, முன்னால்தான் நரம்பை அழுத்தியது, அதனால்தான், என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். மொபெட்டில் நின்ற குழந்தையின் முகம் குறுக்கே வந்துவிட்டது. அதை அவளிடம் சொன்னேன். சுண்ணாம்பு தடவிக்கொண்டதைச் சொன்னேன். பயமாக இருக்கிறது கண்ணு, ஏப்ரலிலிருந்தே பயமாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அவளிடம் கொடுத்தேன். அவள் வாங்காமல், "நீங்களே அவருகிட்டச் சொல்லிக் குடுங்க" என்றாள்.

பந்தி முடிந்து, நாலரைக்கு ராகு காலம் வருவதற்குள் கிளம்ப வேண்டும் என்று எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சம்பந்தி, சம்பந்தி அம்மா, இரண்டு பக்கத்துச் சனமும் நின்றது. மாப்பிள்ளை கார்க் கதவைத் திறந்து பிடித்திருந்தார், எனக்காக. நான் போய் அவர் கையில் சாவியை வைத்தேன்.

"நீங்களே ஓட்டிருங்க மாப்பிள்ளை. என்ற காலு எனக்குத் தெரியறதில்லீங்க."

என் தங்கச்சி வாயில் கையை வைத்துக்கொண்டாள். சம்பந்திதான், அதுக்கென்னுங்க, பையன் நாலு நாள் இருந்துட்டே வரட்டும், லீவுதான என்றார். சுலோச்சனா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். நானும் தாரணியும் பின்னால்.

மாப்பிள்ளை முதல் வேலையாகச் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். பல்லடம் வரும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்து, சீட்டு அருமையா இருக்குதுங்க மாமா, இடுப்புக்கு எவ்வளவு சொகம், எந்தக் கடையில செஞ்சீங்க என்றார். சும்மா எனக்காகச் சொல்லவில்லை, நிசமாகத்தான் கேட்டார். வீட்டிலேயே செய்தது என்றேன்.

தாரணி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் போனது. சுலோச்சனாவின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. நேற்றுத்தான் இரண்டு வாரம் கழித்து ரோட்டோரத்து மரங்களைப் பார்த்தேன்.

சூலூர் வந்து சேரும் சமயம் தாரணியின் புடவை தரையில் புரள்கிறதே என்று எடுத்துவிடக் குனிந்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கின இரண்டு பாதங்களையும் என் இடது பாதத்தின் மேல் வைத்திருந்தாள். கட்டுப் போடாத, நல்ல கால் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த கால். எப்போது வைத்தாளோ, எனக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் தூக்கத்தில் விரல்களை அசைத்தாள். என் கண்ணுக்குத்தான் அது தெரிந்தது.

அவளை எழுப்பவில்லை. வீடு வந்ததும் இடது காலும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன், அம்மா மகள் இரண்டு பேரிடமும். நாளைக் காலையில் டாக்டரிடம் போகிறோம்.